மேல்வீட்டுப் பந்துச் சத்தம்

ஒரு கையால் பல் தேய்த்துக்கொண்டே மறு கையால் பந்தைச் சுவரில் அடிக்கிற பிறவியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. விடிந்தும் விடியாமலும் என் தலைக்கு மேலே டொக் டொக் என்று ஆரம்பித்துவிடுவாள். வீட்டிலேயே உட்கார்ந்து அச்சுப் பிழை திருத்துகிறவள் நான். சத்தம் எனக்கு ஆகவே ஆகாது. இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று ஒருநாள் மாடியேறினேன். வாய் நிறைய நுரையோடு, பார்வையைப் பந்திலிருந்து எடுக்காமலே, "இன்னும் பத்தே பத்து அடி, அத்தே" என்றாள். அந்தப் பத்து இன்றுவரை முடிந்தபாடில்லை.

வயது பதினேழு. ஒட்டடைக்குச்சி உடம்பு. டேபிள் டென்னிஸ் கிளப்பில் இவளுக்குப் பெயர் சுவர். எப்படி அடித்தாலும் பந்து திரும்பி வந்துவிடுமாம். போட்டி நாளில் காலுறையை உள்பக்கம் வெளியே தெரியத்தான் மாட்டுவாள். சர்வீஸ் போடுமுன் பந்தைக் காதருகே கொண்டுபோய் ஒரு குலுக்குக் குலுக்குவாள். உள்ளே என்னதான் இருக்கிறது என்று கேட்டால், "ஒண்ணும் இல்லன்னு பாத்துக்கறேன்" என்பாள். கீழேயிருந்து கேட்டுக் கேட்டு நானும் தேறிவிட்டேன். சுவரில் பட்டால் டொக், தரையில் பட்டால் டப், அலமாரி விளிம்பில் உரசினால் டிக். டிக் கேட்டால் அடுத்து அவள் தன்னையே திட்டிக்கொள்வதும் கேட்கும்: "கண்ண எங்கடி வச்சிருக்க?"

மட்டை அவளுடையதல்ல, அண்ணனுடையது. பிடி அவள் கைக்குப் பெரிது. நீல டேப் சுற்றிய இடம் அவன் வியர்வையில் கறுத்திருக்கும். கொஞ்சம் செதுக்கிக்கொள்ளேன் என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அவளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தது அந்த அண்ணன்தான். அவளுக்கு மட்டுமல்ல, அவள் வயதே ஆன இன்னொருத்திக்கும். அவளை எல்லோரும் நெட்டை என்பார்கள். இரண்டு பேரும் பரம எதிரிகள். ஆனால் ஒருத்தி வராவிட்டால் மற்றவளுக்கு அன்றைக்கு ஆட்டமே ஓடாது. அண்ணன் நடுவில் நின்று இரண்டு பேரையும் ஒரே மாதிரி வறுத்தெடுப்பான். அவன் விதி ஒன்றே ஒன்று. பந்து மேசை விளிம்பை உரசிக்கொண்டு கீழே போனால் அடித்தவருக்குப் புள்ளி. ஆனால் உரசியது பல சமயம் நடுவருக்குத் தெரியாது, எதிரே நிற்பவருக்குத்தான் தெரியும். "பட்டா விரலைத் தூக்கிடணும். நடுவர் பாத்தாரா இல்லையாங்கறது அவர் பாடு" என்பான்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவேயில்லை. ஊரே வந்தது. நெட்டை வரவில்லை. ஆனால் தெருமுனை விளக்குக் கம்பத்தைப் பிடித்தபடி அவள் வெகுநேரம் நின்றதை நான் பார்த்தேன். பிறகு இவளிடம் சொல்லியும் பார்த்தேன். "தெருமுனை வரைக்கும் வந்தவளுக்கு வீடு வரைக்கும் வழி தெரியலையா அத்தே?" என்றாள்.

அதற்குப் பிறகு மற்ற யாரோடு ஆடினாலும் விரல் தூக்குவாள், நெட்டையோடு ஆடும்போது மட்டும் மாட்டாள். வேண்டுமென்றே செய்வது குருடனுக்கும் தெரியும். இவள் மறந்துவிட்டுப்போன தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கக் கிளப்புக்குப் போனபோது ஒருநாள் நானே பார்த்தேன். நெட்டை அடித்த பந்து விளிம்பில் பட்டது. இவள் கூசாமல் "வெளிய" என்றாள்.

"உங்க அண்ணன் இருந்திருந்தா இந்நேரம் விரலைத் தூக்கியிருப்பாரு" என்றாள் நெட்டை.

இவள் மட்டையை மேசைமேல் வைத்தாள். குரலை உயர்த்தவேயில்லை. "அவன் பேச்ச எடுக்க உனக்கு வாய் இருக்கா? அவன் போனப்ப நீ எங்கடி இருந்த?"

நெட்டை குனிந்து பந்தை எடுத்தாள். சட்டையில் துடைத்து இவள் பக்கம் உருட்டிவிட்டாள். "உன் சர்வீஸ்" என்றாள், அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விடுதியோடு சேர்ந்த பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. அண்ணன் இரண்டு முறை முயன்று தவறவிட்ட இடம் அது. நான் வாங்கிக் காட்டுகிறேன் என்று அவன் கட்டிலருகே உட்கார்ந்து இவள் வாக்குக் கொடுத்திருந்தாள். இந்த ஆண்டு ஒரே ஓர் இடம்தான். கடைசிவரை வந்து நின்றவர்கள் இருவர். யார் யார் என்று சொல்ல வேண்டுமா என்ன?

இவள் அம்மா பார்க்கத் தெம்பில்லாமல் அரங்குக்கு வெளியே நடையில் நின்றுகொண்டாள். நான் இவளுக்கு நேர் பின்னால் முதல் வரிசையில். என் கைக்குட்டை முறுக்கி முறுக்கிக் கயிறாகிவிட்டது. ஆளுக்கு இரண்டு சுற்று ஜெயித்து, கடைசிச் சுற்றில் இவள் பத்து, அவள் ஒன்பது. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் இடம் இவளுக்கு. இருவரும் மாறி மாறி அடிக்க, மூச்சுவிடக்கூட பயமாக இருந்தது. நெட்டை எம்பி ஒரு அடி அடித்தாள். பந்து இடது மூலையைத் தாண்டிக் கீழே போய் விழுந்தது. நடுவர் இவள் பக்கம் கையைத் தூக்கினார். அரங்கம் கைதட்டியது. சத்தம் கேட்டு அம்மா உள்ளே ஓடிவந்தாள். வந்த வேகத்திலேயே அழ ஆரம்பித்தாள்.

நான் கைதட்டவில்லை. என் காதில் விழுந்துவிட்டது. டிக்.

பொய் சொல்வானேன், பேசாமல் போய்க் கைகொடுத்துவிடடி பெண்ணே என்றுதான் நானும் மனதுக்குள் கெஞ்சினேன். அத்தனை பேரில் அந்தச் சத்தம் கேட்ட ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன், இவளைத் தவிர. நெட்டை எதிர்ப்பக்கம் திரும்பி, துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். இவள் அந்த மூலையையே பார்த்தபடி நின்றாள். கட்டைவிரல் நீல டேப்பைத் தடவிக்கொண்டிருந்தது. அம்மா கூப்பிட்டாள், காதில் வாங்கவில்லை.

"பட்டுச்சு" என்றாள்.

நடுவர் குனிந்து, என்னம்மா என்றார். இவள் ஒற்றை விரலைத் தலைக்குமேல் தூக்கினாள். கைதட்டல் ஓய்ந்தது. நெட்டை துண்டை விலக்கித் திரும்பிப் பார்க்கும்வரை அந்த விரலை இறக்கவேயில்லை.