மச்சான் சொன்ன தின்னர்

ஏற்காட்டுப் பக்கம் நாகலூரில் காப்பிக்கொட்டை காயப்போடும் களத்தில் எங்களுக்கு ரிமோட் கார் பந்தயம் நடக்கும். போன பந்தயத்துக்கு ஒட்டிய நம்பர் ஸ்டிக்கரைப் பிய்த்தபோது, என் காரின் பிளாஸ்டிக் மூடியில் பசை பிசுபிசுவென்று நின்றுவிட்டது. என் மனைவியின் அண்ணனுக்குப் போன் செய்தேன். என்னைவிட அதிக நாளாக ரிமோட் கார் ஓட்டுகிறவர்.

“பெயின்ட்ல கலக்குற தின்னர் போட்டுத் துடைங்க மாப்ள. சுத்தமாப் போயிருமுங்க” என்றார்.

துடைத்தேன். பசை போனது. கூடவே மூடியும் வெளுத்து விரிசல் விட்டது. ஏற்காட்டில் வேறு மூடி கிடைக்காது. மறுநாள் பந்தயம்.

கோபத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். குளிரில் உறைந்த தேங்காயெண்ணெயை வாசல் வெயிலில் உருக வைத்து, அதைத் துணியில் தொட்டுத் தன் காரின் ஸ்டிக்கர் பசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உங்க காருக்கு மட்டும் எண்ணெயா மச்சான்?”

அவர் நிமிரவே இல்லை. “தின்னர் பட்டா பிளாஸ்டிக் கெட்டுப்போயிருமுங்களே. போன தடவ என்னைய முந்திப்போட்டீங்க. உக்காருங்க மாப்ள, காப்பி குடிச்சுட்டுப் போலாமுங்க.”

வாடா போடா என்று திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன். அந்த மரியாதைதான் இன்னும் என்மேல் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கிறது. எந்த எண்ணெய்க்கும் அது போக மாட்டேன் என்கிறது.