அவள் பக்கத்து இடம்

எங்கள் சபையில் ஞானஸ்நானம் என்றால் கைக்குழந்தையின் தலையில் மூன்று கை தண்ணீர். எனக்கும் அப்படித்தான் நடந்தது. அன்று நான் அழுது கோயிலையே இரண்டாக்கினேன் என்று அம்மா சொல்வாள். வளர்ந்து பாளையங்கோட்டையில் வாத்தியார் வேலை பார்த்தேன், சபைக் கமிட்டியில் செயலாளராக இருந்தேன். ஆண்டவருக்கு இவ்வளவு போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

என் மனைவிக்குப் போதவில்லை. பேட்டையில் லேத் பட்டறையை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்த ஒருவர், தகரக் கொட்டகையில் ஜெபக்கூட்டம் நடத்திவந்தார். அங்கே போக ஆரம்பித்தவள் ஒருநாள், "நான் முழுக்கு எடுக்கப் போறேன்" என்றாள். விவரம் தெரிந்த வயதில், தானாகச் சம்மதித்து, ஆற்றில் முழுவதுமாக மூழ்கி எடுக்கிற ஞானஸ்நானம் அது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. மறுபடி முழுக்கு எடுத்தவர்களின் பெயரைச் சபைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும், அவர்களுக்கு எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்று கமிட்டியில் தீர்மானம் எழுதியவனே நான்தான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னிடம் கொடுத்தார்கள். எழுதும்போது யார் யாரையோ மனதில் வைத்திருந்தேன்.

"செத்தா உனக்கு அங்கன இடம் கிடையாது, தெரியும்லா?" என்றேன்.

"இடம் பாத்தா போறேன்? ஆண்டவர் சொல்லுதார், நான் செய்யுதேன். அவ்வளவுதான்."

விக்கிரமசிங்கபுரம் தாண்டி ஒரு படித்துறைக்கு வேனில் கூட்டிப் போனார்கள். துணைக்கு நானும் போனேன். அவளுடைய கைப்பையையும் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு, தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று கொஞ்சம் தள்ளி நின்றேன். வெள்ளைச் சேலையில் மூழ்கி எழுந்தவள், கண்ணாடி இல்லாமல் கரையெல்லாம் என்னைத் தேடினாள். தட்டுத்தடுமாறி வந்து கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, "நீங்களும் இறங்குங்க" என்றாள்.

"சளி பிடிச்சிருக்கு" என்றேன். குற்றால சீசனில் அருவியை விட்டு வர மனசில்லாமல் மணிக்கணக்கில் நிற்கிறவனுக்குச் சளி!

அடுத்த வாரமே ஒரு வெள்ளை வேட்டியும் சட்டையும் வாங்கி பீரோவின் மேல்தட்டில் வைத்தாள். ஏழு வருடம் அவை அங்கேயே இருந்தன. கோடையில் ஆற்றில் தண்ணீர் இல்லை என்றேன், மழைக்காலத்தில் அதிகம் என்றேன். அம்மா இருக்கிறவரை அவள் மனசு நோகும் என்றேன். அம்மா போன பிறகு கமிட்டித் தேர்தல் வந்தது. அன்று படித்துறையில் பார்த்ததிலிருந்தே, என் மனைவி செய்ததுதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அதுதான் கேவலம். தெரியாமல் கீழ்ப்படியாதவனுக்காவது சொல்ல ஒரு வாய் இருக்கும்.

பிறகு அவளுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "நீங்க ஆத்துல இறங்குறத நான் இருக்கும்போதே ஒருதரம் பாத்துருதேனே" என்றாள்.

"நீ எந்திரிச்சு வா, சேந்து போவோம்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு கேட்கவில்லை. ஒன்பது நாளில் போய்விட்டாள்.

கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வந்து வாசலிலேயே நின்றார்கள். ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அண்ணாச்சி, நீங்க எழுதுன தீர்மானம்லா" என்றார். பேட்டைக்கு வெளியே, ஜெபக்கூட்டத்துக்காரர்கள் அடக்கத்துக்கென்று வைத்திருந்த முள்காட்டில் அவளைப் புதைத்தோம். என் அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில், எங்கள் கல்லறைத் தோட்டத்தில், எனக்கு மட்டும் ஓரிடம் இருந்தது.

ஐப்பசியில் அந்த வேட்டி சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். போதகர் நாற்காலி எடுத்துப் போட்டார்.

"எனக்கு முழுக்கு குடுங்க" என்றேன்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"முழுக்கு எடுத்தவங்களுக்குத்தான அங்கன இடம். எனக்கு அவ பக்கத்துல படுக்கணும்."

அவர் பைய சொன்னார்: "அந்தத் தண்ணியே ஒரு குழிதான் அண்ணாச்சி. நம்ம இஷ்டத்தப் புதைச்சிட்டு எந்திரிச்சு வாற இடம். நீங்க புதைக்க வரல, இடம் பிடிக்க வந்துருக்கீங்க. அக்காவும் இல்ல, அந்த முள்காடும் இல்லன்னு வைங்க. ஆண்டவர் சொல்லுதாருங்கறதுக்காக மட்டும் இறங்குவீங்களா?"

ஆம் என்று ஒரு வார்த்தை. வாயைத் திறந்தேன்.

"இப்பம் மழைக்காலம்லா" என்றேன். "ஆத்துல தண்ணி கூடுதலாப் போகும்."

அவர் திட்டியிருந்தால் நானும் கோபப்பட்டு எழுந்து வந்திருப்பேன். அவர் திட்டவில்லை. காப்பி கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டார்.

போன மாதம் முள்காட்டுக்குப் போயிருந்தேன். அவளுக்கு இடப்பக்கம் சுற்றுச்சுவர். வலப்பக்கம் புதுமண் குவிந்திருந்தது. யாரோ ஓர் அம்மாளாம், கூட்டத்துக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தவராம்.

வேட்டியும் சட்டையும் மறுபடி பீரோவில் இருக்கின்றன. இனி நான் ஆற்றில் இறங்குவதென்றால் ஆண்டவர் ஒருவருக்காக மட்டும்தான் இறங்க வேண்டும். இறங்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.