அப்பாவின் இரண்டு சீட் கார்

அப்பாவிடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே யாரிடமோ பழசாக வாங்கியது. அதில் இரண்டே சீட். மூன்றாவதாக ஒருத்தி பிறந்து தொலைப்பாள் என்று அதைச் செய்தவர்களும் யோசிக்கவில்லை, வாங்கியவரும் யோசிக்கவில்லை. மந்தைவெளியில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே உறை போட்டு நிற்கும். எப்போதாவது எடுத்தால் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் இடுப்பு கழன்றுவிடுகிற மாதிரி இடிக்கும். சஸ்பென்ஷன் மொத்தமும் தேய்ந்துபோயிருந்தது. ஒன்று சரி பண்ணுங்கள், இல்லை விற்றுத் தொலையுங்கள் என்று அம்மா வருஷக்கணக்காகச் சொல்லிப் பார்த்தாள். அப்பா அடுத்த மாசம் என்பார். கார் விஷயத்தில் மட்டுமல்ல, எல்லா விஷயத்திலும் அவர் அடுத்த மாசக்காரர்.

எனக்கு ஒன்பது வயதில் அம்மா கோபித்துக்கொண்டு ராஜா அண்ணாமலைபுரத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை, துணைக்குப் போயிருக்கிறாள் என்று என்னிடம் சொன்னார்கள். சனிக்கிழமைகளில் நான் போய்ப் பார்க்கும்போது பெரியம்மா கல்லுக்குண்டு மாதிரிதான் இருப்பாள். அதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

அப்பாவுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. மூன்றாவது மாதம் திடீரென்று காரைச் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டார். ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், அங்கங்கே இருக்கும் ரப்பர் புஷ், எல்லாம் புதுசு. கடைசி நாள் நானும் கூடப் போனேன். மெக்கானிக் காரை ஜாக்கிலிருந்து இறக்கித் தரையில் நிறுத்தினார். போல்ட்டுகளை அதற்குப் பிறகுதான் முறுக்க வேண்டுமாம்.

"தூக்கி வெச்சுகினு டைட் பண்ணா புஷ்ஷு முறுக்கிக்கும், சீக்கிரம் கீஞ்சிடும் சார். ஆளு குந்துனா மாதிரி வெயிட்டு வெக்கணும். பக்கத்துல யாரு சார் குந்துவாங்க?"

நான் கதவைத் திறந்து உட்காரப் போனேன். அப்பா என்னை நகர்த்திவிட்டு, எதிர்க் கடையில் கேட்டு இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இரண்டைத் தூக்கிவந்து சீட்டில் வைத்தார். கொஞ்சம் யோசித்தார். திரும்பப் போய் ஐந்து கிலோ கோதுமை மாவும் கொண்டுவந்து மேலே வைத்தார். அது அம்மாவின் எடை என்று எனக்குத் தோன்றவேயில்லை. அரிசி மூட்டைக்குக் கிடைத்த மரியாதை நமக்கில்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. காலையில் மெக்கானிக்கே காரைக் கொண்டுவந்து விட்டுப்போனார். அம்மாவைக் கூட்டிவரப் போவதாக அப்பா சொன்னார். போனிலும் பேசிவிட்டிருந்தார். என்னை எதிர்வீட்டு அத்தையிடம் விட்டுப்போவதாக ஏற்பாடு. புது சஸ்பென்ஷனில் முதல் சவாரி எனக்குத்தான் என்று நான் தரையில் விழுந்து புரண்டேன். அப்பா என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், சரி ஏறு என்றார். எதையும் பாதி யோசித்துச் செய்துவிட்டு மீதியை அப்புறம் சமாளிப்பது அவர் வழக்கம். அம்மா வீட்டை விட்டுப் போனதே அந்த வழக்கத்தால்தான்.

பெரியம்மா வீட்டு வாசலில் ஹாரன் அடித்தார். அம்மா தலையில் பூ வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். காரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவள், பக்கத்து சீட்டில் என்னைப் பார்த்ததும் கேட் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். எல்லாம் சரி பண்ணியாச்சு, இனிமேல் இடிக்காது என்று அப்பா அவசரமாகச் சொன்னார். பிறகு என்னை இறங்கி, அரைமணி நேரம் பெரியம்மாவோடு இருக்கச் சொன்னார். நான் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெருவே பார்க்கிற மாதிரி அழுதேன்.

"சரி, இவள வீட்ல விட்டுட்டு வந்து உன்னக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் அம்மாவிடம்.

அம்மா குனிந்து என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "வேணாம். நீங்க போங்க. நான் அப்புறமா வரேன்."

அம்மா எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்பா வீட்டுக்குத் திரும்பாமல் பெசன்ட் நகர் கடற்கரை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனார். அவர் ரசித்து ஓட்டுகிறார் என்று அதற்கும் நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அப்பா தனியாகப் போனார். அம்மா மாடியிலிருந்து இறங்கி வரவில்லை. இரண்டு வருஷத்துக்குள் விவாகரத்தாகி, காரும் யாரிடமோ போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது. ஒன்பது வயதுப் பிள்ளைமேல் என்ன ஆத்திரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், அடங்குவதில்லை.

உன்னால் ஒன்றுமில்லை என்று அம்மா பலமுறை சொல்லியிருக்கிறாள். போன மாதம் அவளோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, நான் இறங்கியிருந்தால் அன்றைக்கு நீ ஏறியிருப்பாயா என்று கேட்டுவிட்டேன். வழக்கமான பதிலை மறந்துவிட்டாள் போல.

"துணியெல்லாம் அடுக்கி, பைய மாடிப்படியில வெச்சுட்டுத்தாண்டி வெளிய வந்தேன்."

கார் கிளம்பியதும் நான் திரும்பித் திரும்பிக் கையாட்டினேன். அவளும் ஆட்டினாள். நாங்கள் தெருமுனை திரும்பிய பிறகு, அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி மாடியேறியிருக்கிறாள்.