பாதி முகத்துச் சிரிப்பு

1998 மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. என் மனைவிக்கு இரத்த அழுத்தக் கிளினிக் நாள். நாங்கள் இருவரும் பிலிமத்தலாவையில் கண்டி பஸ் ஏறினோம். ஜனவரியில், புத்தரின் பல்லைப் பேணும் கோயிலான தலதா மாளிகைக்கு முன்னால் குண்டு வெடித்த பிறகு, நகருக்குள் நுழையும் வழியெல்லாம் சோதனைச் சாவடிகள்.

யாழ்ப்பாணத்தவர்களான எங்களுக்கு அந்த ஆண்டுகளில் ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் பேச்சே சந்தேகத்தைக் கிளப்பும் என்று பயந்து, பஸ்ஸில் ஏறினால் தமிழில் ஒரு சொல்லும் பேசமாட்டோம். இறங்க வேண்டுமென்றால் முழங்கையால் ஓர் இடி, தாகமென்றால் தண்ணீர்ப் போத்தலை நோக்கி ஒரு பார்வை, அவ்வளவுதான். வீட்டில் ஓயாமல் கதைக்கிறவள் பஸ்ஸில் ஊமையாக வருவது எனக்குப் பழகியிருந்தது. அதனால் அன்றும் நான் வித்தியாசம் எதையும் காணவில்லை.

அவளுக்கு மறுபக்கத்தில் திகனையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண்மணி, மடியில் கீரைக்கட்டுகளோடு உட்கார்ந்திருந்தார். முக்காட்டைச் சரிசெய்ய வேண்டியிருந்ததால் ஒரு கட்டை என் மனைவியிடம் நீட்டினார்.

"இதக் கொஞ்சம் புடிங்க புள்ள."

அவள் வாங்கினாள். கட்டு வலக்கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"என்னா புள்ள, விடியச் சாப்பிடல்லயா? ஒரு கட்டுக் கீரையத் தூக்கேலாதா?"

உரத்த தமிழ். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. என் மனைவி மன்னிப்புக் கேட்பதுபோல் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அந்த அம்மாவின் கேலி அப்படியே நின்றுபோனது.

"தம்பி, இங்க பாருங்க! ஒங்கட பொஞ்சாதி பாதி மொகத்தாலதான் சிரிக்கிறா. எங்கட வாப்பாக்கும் இப்பிடித்தான் வந்திச்சி. வாதம்!"

"என்னப்பா செய்யுது உமக்கு? கதையுமன்!" என்றேன், பஸ் என்பதை மறந்து. அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

அதற்குள் சோதனைச் சாவடி வந்துவிட்டது. எல்லோரும் இறங்கி நடந்து கடக்க வேண்டும். வலக்காலை இழுத்து இழுத்து நடந்தவளை நான் தாங்கிக்கொண்டேன். இராணுவச் சிப்பாய் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு அவளிடம் பெயரைக் கேட்டான். பதில் இல்லை. திரும்பவும் கேட்டான். தமிழ்ப் பெண், பெயர் சொல்லவில்லை. அதன் பொருள் அந்த நாட்களில் எதுவாகவும் ஆகலாம்.

அந்த அம்மா இருவருக்கும் நடுவில் புகுந்து, இது வாதம் என்று சிங்களத்தில் படபடவென்று பொரிந்து தள்ளினார். சிப்பாய் குனிந்து என் மனைவியின் முகத்தை உற்றுப் பார்த்தான். அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு, எங்கும் நிறுத்தாமல் ஆஸ்பத்திரிக்கு விடும்படி சாரதியிடம் கத்தினான். வழியில் இறங்க வேண்டியவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். ஒருவரும் மணி அடிக்கவில்லை. பஸ் ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்றது. அந்த அம்மாவும் எங்களோடு இறங்கிவிட்டார்.

மதியத்துக்கு முன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் மனைவியின் உதடுகள் அசைந்தன. நாங்கள் இருவரும் கட்டிலருகே குனிந்தோம்.

"எங்கை... என்ரை மற்றச் செருப்பு?"

இழுபட்ட காலிலிருந்து அது சாவடியிலேயே கழன்றிருக்க வேண்டும்.

"உசிரு போய் வந்தீக்கி, இவ செருப்பக் கேக்கிறா!" என்று சிரித்தபடி அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னால் சிரிக்க முடியவில்லை. போன மொழி திரும்பி வருவதை நான் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூளையின் ஒரு சிறு இரத்தக் குழாய் அடைபட்டுத் தானாகவே திறந்திருக்கிறது என்றார் மருத்துவர். இரும்பைத் துரு அரிப்பதுபோல் குழாய்ச் சுவர்களும் சிதைவதுண்டாம். கீரையிலும் பழத்திலுமிருந்து இரத்தத்தில் சேரும் அன்டிஒக்சிடன்ட் என்னும் பொருட்கள் அதைத் தடுக்க முயல்கின்றனவாம். அவை குறைந்தவர்களுக்கு இந்த ஆபத்து கூடுமா என்று ஆராய்கிறார்கள், இன்னும் உறுதியில்லை, அழுத்த மாத்திரையை மட்டும் விடவேண்டாம் என்று நேர்மையாகச் சொன்னார். அதன்பின் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்திருக்கிறேன். வாசிக்க வாசிக்க வியப்புத்தான் பெருகியது. ஒரு மனிதரின் பெயரும் பேச்சும் சிரிப்பும் நூலிலும் மெல்லிய ஒரு குழாய் வழியே அல்லவா ஓடிக்கொண்டிருக்கின்றன!

இன்றும் அவள் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால், திட்டாகவேனும் ஒரு சொல் அவள் வாயிலிருந்து கேட்கும்வரை நான் அவளை விட்டு அப்பால் போவதில்லை.