கொள்ளும் கிடாயும்

வதந்திகள் ஆடுகளைவிட விரைவாகப் பெருகும் ஊர் ஜீவனஹள்ளி. ஆகவே, தொண்ணூறுகளில் அங்கே நானே கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன். அங்கே ஆடு வளர்த்த ஒருவருக்கு முறுக்கிய மீசை. தம் கிடாயின் கொம்பைத் தடவிக்கொண்டேதான் பேசுவார். அந்தக் கிடாய்க்குப் பிறந்த நாட்டுப் பெட்டை இரட்டைக் குட்டி ஈன்றிருந்தது.

“எல்லாம் இவன் வம்சம் சார்!” என்றார்.

“வம்சமாம்! நான் போட்ட கொள்ளுய்யா அது,” என்றார் மனைவி. “அடுத்த சினைக்கு முன்னால கொள்ளே கிடையாது. ஒத்தைக் குட்டி போட்டுச்சுன்னா உன் கிடா பக்ரீத் சந்தைக்குத்தான்.”

“ஆகட்டும் பாக்கலாம்!”

அடுத்த சினைப்பருவத்தில் நான் மறுபடி போனபோது, மனைவி உள்ளே போனதும், சட்டைப்பையிலிருந்து வேகவைத்த கொள்ளை எடுத்துப் பெட்டைக்கு ஊட்டினார்.

“கிடா உசுரு சார், சொல்லிடாதீங்க,” என்று என் கையிலும் சிறிது வைத்தார். இளஞ்சூடாக இருந்தது.

அடுத்த ஈற்றில் எத்தனை குட்டிகள் என்பதை நான் அறியேன். அந்தக் கொள்ளை அவருக்கு வேகவைத்துக் கொடுத்தவர் யார் என்பதையும் அறியேன்.