திருத்தங்கலுக்கு எடுத்த டிக்கெட்டுகள்

எங்கள் ஊர் ரயில் நிலையத்தை அதிகாரிகள் மூடிவிட்டார்கள் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நாங்களே மூடினோம். 

நிலையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. விருதுநகருக்கும் திருத்தங்கலுக்கும் நடுவே கரிசல் காட்டில் ஒரு மண் மேடை, ஒரு தகரக் கொட்டகை, டிக்கெட் கொடுக்க ஒரு ஜன்னல். கொட்டகை அப்பா காலத்தில் மகமையில் போட்டது. கடைக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் வியாபாரத்தில் ஊருக்கென்று ஒதுக்கும் பணம்தான் மகமை. சிமெண்ட் பெஞ்சுகளில் 'உபயம்' என்று பெயர் போட்டுக்கொண்டவர்கள் காரில் போவார்கள். பெஞ்சில் உட்கார்ந்தது பட்டாசு வேலைக்குப் போகிற பெண்கள்.

என் அக்காவும் அப்படிப் போனவள்தான். மருந்து கலக்குகிற அறையில் தீப்பிடித்து வலது கை வெந்துபோனது. விரல்கள் சுருண்டுவிடாமல் இருக்க வாரந்தோறும் மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்து பயிற்சி செய்யச் சொன்னார் டாக்டர். பஸ் நெரிசலில் யாராவது இடித்தால் புதுத் தோல் பிய்ந்து ரத்தம் வரும். பாசஞ்சர் ரயிலில் ஜன்னலோரம் கையை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகப் போவாள்.

அந்த நேரம் பார்த்து, டிக்கெட் விற்பனை போதவில்லை, இனி ரயில் நிற்பது சந்தேகம் என்றார்கள் ரயில்வேக்காரர்கள். எப்படி விற்கும்? வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் மாதப் பாஸ். அதை விருதுநகரில்தான் வாங்க முடியும். ஏறுவது இங்கே, கணக்கு அங்கே. எழுதியும் கொடுத்தோம். எவன் படித்தான்?

ஊர்க்கூட்டம் போட்டார்கள். மகமைப் பணத்தில் தினமும் கட்டுக்கட்டாக டிக்கெட் எடுத்து விற்பனை காட்டுவது என்று முடிவானது. நல்ல யோசனைதான், நானும் கை தட்டினேன். எந்த ஊருக்கு எடுப்பது என்ற பேச்சு வந்ததும்தான் வியாபாரப் புத்தி எட்டிப் பார்த்தது.

"அடுத்த ஸ்டேசன் திருத்தங்கலுக்கே எடுங்க. தூக்கிப் போடப்போற சீட்டுக்கு மதுரை எதுக்கு?" என்றார் மகமைத் தலைவர்.

"கொஞ்சமாச்சும் மதுரைக்கு எடுங்க அண்ணாச்சி. பாக்குறவன் சந்தேகப்படுவான்ல," என்றேன்.

"ஊர்ப் பணத்த அம்புட்டு லேசா நெனச்சிட்டீகளா தம்பி?" என்றார். கூட்டமே சிரித்தது.

அப்புறம் அதிகாரி வந்தார், விற்பனையைப் பார்த்தார். "அத்தனையும் திருத்தங்கல் டிக்கெட். இந்தா இருக்கிற ஊருக்கு ரயில் எதுக்குங்க? பஸ் போதுமே," என்றார். மாதப் பாஸைப் பற்றி நான் தொண்டை கிழியக் கத்தினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அண்ணாச்சி அதிகாரியை வழியனுப்பக் கிளம்பிவிட்டார்.

இப்போது ரயில் நிற்காமல் போகிறது. அக்கா சில வாரம் பஸ்ஸில் போய்ப் பார்த்தாள். ஒருநாள் எவனோ மூட்டையால் இடித்துவிட, சேலையெல்லாம் ரத்தத்தோடு பாதி வழியில் இறங்கித் திரும்பினாள். அதோடு மதுரைக்குப் போவதை விட்டுவிட்டாள். விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி அப்படியே நின்றுவிட்டன.

இந்த வருஷம் கோயில் பொங்கலுக்கு மகமைத் தலைவர் பத்திரிகை கொண்டுவந்தார். அக்கா இடது கையை நீட்டினாள். அவர் முகம் சுளித்தார்.

"சாமி காரியம்லா தாயி, வலது கையால வாங்கு."

நான் பாய்ந்திருப்பேன். அக்கா கண்ணாலேயே என்னை அடக்கினாள். மடங்கிப்போன வலது கையை அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"நாலு டிக்கெட்ட மதுரைக்கு எடுத்திருந்தீகன்னா, இது நீண்டிருக்கும் அண்ணாச்சி."