அடுப்பில் யார் நிற்கலாம்

நான் வேலை பார்த்த நகர மன்றத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மலேசியாவில், ஈப்போ பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமலாக்கப் பிரிவில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் தமிழர் சாப்பாட்டுக் கடைகளில் சோதனை என்றால் என்னைத்தான் முதலில் வண்டியில் ஏற்றுவார்கள்.

விதி சுருக்கமானது. வெளிநாட்டுக்காரர்கள் கடையில் மேசை துடைக்கலாம், தட்டு மங்கு கழுவலாம். அடுப்பில் நிற்க மட்டும் குடியுரிமை வேண்டும். ஊரின் ருசி மாறிவிடக் கூடாதாம். கூட்டத்தில் இதை வாசித்தபோது எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான். ரப்பர் மரம் சீவக் கப்பலேறி வந்தவர்களின் பேரன் நான். ஊரின் ருசி என்று அவர்கள் சொன்னதில் எங்கள் குழம்பும் சேர்த்திதான் என்ற பெருமை வேறு.

காதால் ஆள் பிரிப்பதுதான் என் வேலை. தமிழ்நாட்டிலிருந்து வந்தவரா, இங்கே பிறந்தவரா என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுவேன். மேலதிகாரி என்னை மெஷின் என்பார். எனக்கும் தலைக்கனம் ஏறியிருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

அன்று காலை பத்து மணி இருக்கும். ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. மேலதிகாரி லைசென்சைப் பார்த்து, சோதனைப் பாரத்தில் எல்லாம் சரி என்று குறித்துவிட்டார். அடுப்பில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா மீன்குழம்பு கிண்டிக்கொண்டிருந்தார். முதலாளி வீட்டு ஆள் என்று நினைத்தாரோ என்னவோ, மேலதிகாரி அவரிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டு வண்டியில் ஏறியிருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் புதிதாகப் பார்த்துக்கொண்டால், பெயருக்கு முன்னால் கேட்கிற ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டுத் தொலைத்தேன்.

"அக்கா எந்தத் தோட்டம்?"

"தாப்பா பக்கம்லா தம்பி. நீங்க?"

"லகாட்டுகிட்ட."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க தோட்டத்த வித்துட்டாங்க தம்பி. லயத்து வீடுங்க இருந்த எடத்துல இப்ப பெட்ரோல் ஸ்டேஷன் இருக்கு. நான் இங்க வந்து இருவது வருசமாச்சு. அன்னிலேருந்து இந்த அடுப்புதான்."

என்ன பேசுகிறீர்கள் என்று மேலதிகாரி மலாயில் கேட்டார். இந்த ஊர்க்காரர், என்னைப் போலத் தோட்டத்தில் பிறந்தவர், இருபது வருடமாக இந்தக் கடையின் சமையல் இவர் கைதான் என்று சொந்த அக்காவைச் சொல்வதுபோல் பெருமையாகச் சொன்னேன்.

அதற்குள் அக்கா பர்ஸிலிருந்து ஐசியை, அடையாள அட்டையை, எடுத்து என்னிடம் நீட்டினார். "பாருங்க தம்பி, தோட்டம் போயிருச்சு, பேரு மட்டும் இதுல இருக்கு."

முகவரியில் தோட்டத்தின் பெயர் இருந்தது. அட்டை சிவப்பாக இருந்தது.

நீல அட்டை குடிமக்களுக்கு. இங்கேயே இருக்கலாம், ஆனால் குடிமக்கள் இல்லை என்று ஆனவர்களுக்குச் சிவப்பு. அவர் பிறந்ததைத் தோட்டத்து ஆபீஸ் கிராணி ஒழுங்காகப் பதியவில்லை. குடியுரிமைக்கு மூன்று முறை மனுப் போட்டிருக்கிறார். காரணம் சொல்லாமலே மறுத்துவிட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது அட்டையைக் கைக்குள் மூடத்தான் பார்த்தேன். மேலதிகாரி பார்த்துவிட்டார்.

அவர் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. பாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பார்த்த பிறகு பார்க்காத மாதிரி எப்படி இருப்பது என்றார். மங்கு கழுவுகிறவர், சும்மா ஒரு கை கிண்டினார் என்று சொல்லித் தப்பிக்க வைக்கலாம். சமையல்காரர் என்று வாய் நிறையச் சொன்னவனே நான்தானே. அந்த வழியையும் நானே அடைத்துவிட்டிருந்தேன்.

தமிழில் விளக்கச் சொன்னார். அதற்குத்தானே என்னைக் கூட்டிப்போனது.

"அக்கா, இனிமே நீங்க அடுப்புல நிக்கக்கூடாதாம். நீல ஐசிக்காரங்கதான் நிக்கணுமாம்."

அவர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "குழம்பு இன்னும் கொதிக்கல தம்பி. எறக்கி வச்சிட்டுப் போவட்டா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

அன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போனேன். குனோங் ராபாட்டில் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அவருக்காக மன்றத்துக்கு ஒரு மனு எழுதினேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று பதில் வந்தது. அதில் கையெழுத்துப் போட்டவருக்கும் எனக்கும் ஒரே மாடியில்தான் மேசை.

ஒரு மாதம் கழித்து அந்தக் கடைக்குத் தனியாகப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அடுப்பில் முப்பது வயதுக்காரர் ஒருவர் வியர்த்துப்போய் நின்றார். நீல ஐசி உள்ளவர், அதற்கு முன் குழம்பு வைத்துப் பழக்கமில்லாதவர். அக்கா பின்னால் குழாயடியில் மங்கு கழுவிக்கொண்டிருந்தார். புளி கரைக்கும் பதத்தை அங்கிருந்தபடியே அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலாம்.

"தம்பி, அடுப்புல நிக்கிறவரு ஒரு சொட்டு கையில ஊத்தி உப்புப் பாக்கச் சொல்றாரு. பாக்கலாமா?"

"தாராளமா பாருங்கக்கா. அதுக்கெல்லாம் விதி இல்ல."

அக்கா ஈரக் கையைத் துணியில் துடைத்தார். ஆனால் கையை நீட்டவில்லை.

"அத எழுதிக் குடுத்துருங்க தம்பி," என்றார்.

என் சட்டைப்பையில் பேனா இருந்தது. நான் எழுதிக் கொடுக்கவில்லை.